வலப்பக்கம் மட்டும்

அந்த உயர்நிலைப் பள்ளியில் ஒரு கார் இருந்தது. மோட்டார் வாகனப் பழுதுபார்ப்பு படிக்கிற பிள்ளைகளுக்காக மேலிடம் அனுப்பிவைத்த வெள்ளைக் கார். அதற்குத் தகரக் கூரை போட்ட தனிக் கொட்டகை, கொட்டகைக்கு இரும்புக் கதவு, கதவுக்குப் பூட்டு, பூட்டு நனையாமலிருக்க அதற்கொரு ரப்பர் உறை. பிள்ளைகளின் கழிவறைக்குக் கதவே கிடையாது. ஆனால் கழிவறைக்குள் கார் எதுவும் இல்லையே, அதற்கெதற்குக் கதவு?

வேன்காரர் மகள் இந்தப் பிரிவில் வந்து சேர்ந்தாள். வீட்டில் அவளை வாண்டு என்று கூப்பிடுவார்கள். ஆள் வளர்ந்தும் உயரம் வளராததால் அந்தப் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. நாமும் வாண்டு என்றே சொல்லுவோம்.

வாண்டுவின் அப்பா ஒரு தொழிற்சாலைக்கு ஆட்களை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டுகிறவர். அவருக்குக் கண் போய்க்கொண்டிருந்தது. நரம்பு செத்துக்கொண்டு வருகிறது, ஆபரேஷனுக்கும் மசியாது, வண்டி ஓட்டுவதை நிறுத்திவிடுங்கள் என்று கண் டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். நிறுத்தினால் அடுப்பு எரிய வேண்டாமா? லைசென்ஸ் ஆபீசில் வருஷா வருஷம் கண்ணைச் சோதிப்பார்கள். அங்கே சுவரில் மாட்டியிருந்த எழுத்து அட்டையை இன்னொரு டிரைவர் சொல்லச் சொல்ல, அப்பா மேலிருந்து கீழ் வரைக்கும் மனப்பாடம் பண்ணிவிட்டார். கேட்டுக் கேட்டு வாண்டுவுக்கும் அது பாடமாகிவிட்டது. அந்த ஆபீசில் அட்டையை மாற்றும் பழக்கம் இல்லை. மாற்றினால்தானே யாருக்காவது வேலை!

ஊரிலேயே பெரிய கார் பட்டறை ஒன்று, இந்தப் பிரிவில் படித்து முடிக்கும் பிள்ளைகளில் ஒருவரைச் சம்பளத்தோடு எடுத்துக்கொள்வதாக அந்த வருஷம்தான் ஒப்புக்கொண்டிருந்தது. கடைசிப் பரீட்சை அன்று பட்டறையின் போர்மன் நேரில் வந்து பார்த்து எடுப்பாராம். அந்த இடம் வாண்டுவுக்குக் கிடைத்துவிட்டால் அன்றைக்கே வேன் சாவியை முதலாளியிடம் கொடுத்துவிடுவதாக அப்பா வாக்குக் கொடுத்திருந்தார்.

"ரெண்டு வருஷம் பல்லைக் கடிச்சுக்கிட்டு ஓட்டிடறேன். அதுக்குள்ள நீ வேலையைக் கத்துக்கிட்டு வந்துடு பாப்பா" என்றார்.

கற்றுக்கொடுக்க வாத்தியார் வேண்டுமே. மேலிடம் கார் அனுப்பியது, வாத்தியாரை அனுப்ப மறந்துபோனது. தலைமையாசிரியை சுற்றுமுற்றும் பார்த்தார். வரலாற்று வாத்தியார் கண்ணில் பட்டார்.

"சார், உங்ககிட்ட வண்டி இருக்கில்ல?"

"ஸ்கூட்டர் இருக்கு மேடம். ஆனா அதுல ரெண்டு சக்கரம்தான்."

"மீதி ரெண்டைப் படிச்சுக்குங்க."

இப்படியாக அவர் பயிற்றுநர் ஆனார். கெட்ட மனுஷர் இல்லை. காரைப் பார்த்தால் அவருக்குப் பயம், அவ்வளவுதான்.

முதல் நாள் பிள்ளைகளுக்குச் சீருடை கொடுத்தார்கள். கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஒரே துணியில் தைத்த உடுப்பு. நிறம் வெள்ளை, பால் வெள்ளை. வாண்டு அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

"சார், மெக்கானிக் வேலைக்கு வெள்ளையா?"

"கறை பட்டா உடனே தெரியணும்ல. கறைக்குத் தகுந்த மாதிரி மார்க்கு குறையும்" என்றார் வாத்தியார். அவருக்கே கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

கொட்டகைக்குள் போனால் சுவர் முழுக்க எழுத்து. திறன் வளர்ப்பு இயக்குநர் அனுப்பிய சுற்றறிக்கையை ஆள் வைத்து எழுதியிருந்தார்கள்: "கழற்றுதல் என்பது பொது உடைமையைக் குறைக்கும் செயல். முடுக்குதல் என்பது பொது உடைமையைக் காக்கும் செயல். எனவே மாணவர்கள் முடுக்குவதை மட்டுமே பயில்வார்களாக." கீழே ஒரு பெரிய சிவப்பு அம்பு, கடிகாரமுள் சுற்றும் திசையில் வளைந்திருந்தது. அதன் கீழே கொட்டை எழுத்தில் 'வலப்பக்கம் மட்டும்.'

இந்த ஞானம் இயக்குநருக்குச் சும்மா வந்துவிடவில்லை. முன்னொரு காலத்தில் ஒரு மாணவன் ஒரு நட்டைக் கழற்றினானாம். அதிலிருந்த வாஷர் உருண்டு போய்ச் சாக்கடையில் விழுந்ததாம். அந்த வாஷருக்காக விசாரணை நடந்து, விசாரித்தவரை விசாரிக்க இன்னொருவர் வந்து, சாக்கடையைத் தோண்டி, தோண்டியதில் தண்ணீர்க் குழாய் உடைந்து, பள்ளிக்கூடமே பல நாள் தண்ணீரில்லாமல் நாறியிருக்கிறது. கழற்றினால்தானே தொலையும், கழற்றவே கூடாது என்று இயக்குநர் அப்போது முடிவு கட்டிவிட்டார். ஒரு வாஷரை வாங்கிப் போட்டிருக்கலாமே என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் அவர்களையும் விசாரித்திருப்பார்கள்.

"சார், கழட்டாம எப்படி சார் ரிப்பேர் பண்றது?" என்று வாண்டு கேட்டாள்.

"அது அடுத்த வருஷப் பாடம்மா."

அடுத்த வருஷம் மறக்காமல் கேட்டாள்.

"அது போன வருஷப் பாடமாச்சே" என்றார் வாத்தியார்.

இரண்டு வருஷமும் முடுக்கினார்கள். வேறென்ன செய்வது? காலையில் ஒரு பிரிவு, மத்தியானம் ஒரு பிரிவு, சாயங்காலம் ஒரு பிரிவு. வீல் ஸ்பேனரைப் பிடித்து நான்கு சக்கரத்து நட்டுகளையும் வலப்பக்கம் முடுக்குவார்கள். ஏற்கெனவே முடுக்கியதை முடுக்கி, முடுக்கியவர்கள் போனபின் அடுத்தவர்கள் வந்து முடுக்குவார்கள். கைப்பலம் போதாதவர்கள் ஸ்பேனர் மேல் ஏறி நிற்பார்கள். முடுக்கும்போது 'ம்ம்ம்' என்று முக்க வேண்டும், முக்கலுக்குத் தனி மதிப்பெண். முக்கத் தெரியாத ஒரு பையன் அந்த வருஷம் பெயிலாகப் பார்த்தான்.

பழுது கண்டுபிடிக்கும் பாடமும் உண்டு. ஆனால் காரைக் கிளப்பக் கூடாது, பெட்ரோல் செலவாகிவிடும். அதனால் வாத்தியார் மேசைக்குப் பின்னால் நின்றுகொண்டு வாயாலேயே சத்தம் கொடுப்பார். "கட கட கட... கிர்ர்ர்" என்பார். பிள்ளைகள் எழுதுவார்கள். சரியான விடை 'பேரிங் தேய்மானம்' என்று அவரே பிறகு சொல்லுவார். ஒரு நாள் அவருக்கு நிஜமாகவே இருமல் வந்துவிட்டது. வகுப்பில் பாதிப் பேர் 'சைலன்சர் ஓட்டை' என்று எழுதி வைத்தார்கள்.

கிளப்பாமலே வைத்தால் எந்தக் கார்தான் தாங்கும்? பேட்டரி செத்தது. டயரில் காற்று இறங்கியது. சக்கரம் சப்பையான காரோடு எடுத்த படம் இயக்குநர் மேசைக்குப் போனபோதுதான் கலவரம். உடனே வெளியிலிருந்து ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டார்கள். பழுதுபார்ப்புப் பாடத்தின் காரைப் பழுதுபார்க்க வெளி ஆள்! சரி, பிள்ளைகள் பக்கத்தில் நின்று பார்த்தாவது கற்றுக்கொள்ளட்டும் என்று நினைப்பீர்கள். அவர்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திவிட்டார்கள். பாடத்திட்டத்தில் இல்லாததைப் பார்த்துப் பழகிவிடக் கூடாதாம். வாண்டு கதவு இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தாள். மெக்கானிக்கின் முதுகு தெரிந்தது. பிறகு அந்த இடுக்கையும் தலைமையாசிரியை தன் கைப்பையால் மறைத்துக்கொண்டு நின்றார்.

வாண்டு அன்று வீட்டுக்குப் போய் அப்பாவிடம் புலம்பினாள்.

"ஒரு எழவும் சொல்லித் தர மாட்டேங்கறாங்கப்பா."

"பெரிய எடத்துல அப்படித்தான் மெதுவா ஆரம்பிப்பாங்க. அவங்களுக்குத் தெரியாதா?" என்றார் அப்பா. படிப்பின் மேல் அவருக்கு அப்படியொரு மரியாதை. சொல்லிக்கொண்டே தண்ணீர்ச் சொம்பை எடுக்கக் கையை நீட்டினார். சொம்பு இருந்த இடத்துக்குக் கை போய்ச் சேரவில்லை. வாண்டு சத்தமில்லாமல் சொம்பை நகர்த்தி அவர் கைக்குள் வைத்தாள்.

இதற்குள் வட்டார அளவில் முடுக்குப் போட்டி வைத்தார்கள். சொன்னால் நம்ப மாட்டீர்கள், வாண்டு அதில் முதலாவதாக வந்தாள். ஆள் குள்ளமாக இருந்ததால் ஸ்பேனர் மேல் ஏறிக் குதிக்க வாகாக இருந்தது. மரத்தில் செய்த கேடயம் ஒன்று கொடுத்தார்கள். நடுவில் பித்தளையில் ஒரு நட்டு, சுற்றிலும் 'முடுக்கில் முதலிடம்' என்று எழுத்து. மேடையில் கைதட்டல் காதைப் பிளந்தது. அவளுக்கு என்னவோ வாயில் கசந்தது.

கடைசிப் பரீட்சை நாள் வந்தது. கொட்டகையைக் கழுவி, காருக்கு மெழுகு போட்டுத் துடைத்து, பிள்ளைகளை வெள்ளை உடுப்பில் வரிசையாக நிறுத்தினார்கள். பார்க்க ஆஸ்பத்திரி மாதிரி இருந்தது. இயக்குநர் மைக்கைப் பிடித்தார். காரை நிறுத்தினாலே நிறைந்துவிடும் கொட்டகைக்குள் எதற்கு மைக்கு என்று கேட்காதீர்கள்.

"இந்தப் பிள்ளைகளின் கைகளைப் பாருங்கள். ஒரு சொட்டு எண்ணெய் உண்டா? ஒரு கீறல் உண்டா? இவ்வளவு சுத்தமான மெக்கானிக்குகளை நீங்கள் எந்தத் தேசத்திலும் பார்க்க முடியாது. நான் பொறுப்பேற்ற பிறகு ஒரு வாஷர்கூடத் தொலைந்ததில்லை. இந்தக் காரை நாங்கள் வாங்கிய அன்று எப்படி இருந்ததோ அப்படியே வைத்திருக்கிறோம். பிள்ளைகளையும் அப்படியே வைத்திருக்கிறோம்."

தலைமையாசிரியை பலமாகக் கைதட்டினார்.

போர்மன் என்பவர் ஒரு தடித்த பெண்மணி. சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தார், நகக்கண்ணெல்லாம் கறுப்பு. அவருக்குப் போட்ட நாற்காலியில் உட்காரவில்லை. நேராக வரிசைக்கு முன்னால் வந்து, கேடயம் வாங்கிய பெண் யார் என்று கேட்டார். வாண்டு முன்னால் வந்தாள்.

"ஸ்டெப்னி மாத்தத் தெரியுமாம்மா?"

"படிச்சிருக்கேன் மேடம்."

"படிச்சது இருக்கட்டும். இந்தச் சக்கரத்தைக் கழட்டிட்டு ஸ்டெப்னியைப் போடு, பாப்போம்."

இயக்குநர் எழுந்தார்.

"மன்னிக்கணும். மாத்தறதுன்னா கழட்டணுமே?"

"கழட்டாம எப்படி மாத்துவாங்க?"

"அது பாடத்திட்டத்துல இல்ல. வேணும்னா முடுக்கச் சொல்லுங்க. பிரமாதமா முடுக்குவா."

"முடுக்கறதுக்கு மொதல்ல கழட்டணும்ங்க."

"அந்தக் கட்டத்தைத்தான் நாங்க தாண்டி வந்துட்டோம்" என்றார் இயக்குநர், பெருமை பொங்க.

போர்மன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப நான் கெளம்பறேன். எனக்குப் பட்டறையில வேலை கெடக்கு" என்று திரும்பினார்.

பட்டறைக்கு ஒரு மாணவரும் போகாவிட்டால் மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். இயக்குநரும் தலைமையாசிரியையும் மூலையில் நின்று குசுகுசுவென்று பேசினார்கள். பிறகு இயக்குநர் அறிவித்தார்: "விசேஷ அனுமதி. ஒரே ஒரு நட்டு. அரைச் சுற்று. உடனே திருப்பி முடுக்கிவிட வேண்டும்."

வாண்டு ஸ்பேனரை நட்டில் மாட்டினாள். இடப்பக்கம் திருப்பினாள். அசையவில்லை. இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினாள். நட்டா அது, மலை. அதை அப்படி ஆக்கியதில் அவளுக்கும் பங்கு உண்டு என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஸ்பேனர் மேல் ஏறி நின்றாள். அப்பாவின் கை சொம்பைத் தேடியது ஞாபகம் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு குதித்தாள். டணார் என்று ஒரு சத்தம். நட்டோடு சேர்ந்து போல்ட்டு முறிந்து, உருண்டு போய் இயக்குநரின் ஷூவில் முட்டி நின்றது.

போர்மன் குனிந்து முறிந்த துண்டை எடுத்துப் பார்த்தார். மற்ற நட்டுகளையும் ஒவ்வொன்றாகத் தடவினார்.

"எந்தப் புண்ணியவான் இதை இப்படி முடுக்கினது?"

"நாங்கதான்!" என்றார் வரலாற்று வாத்தியார், தன்னை மறந்து. "மூணு பிரிவும் சேர்ந்து, ரெண்டு வருஷ உழைப்பு மேடம்."

"போல்ட்டுல மரையே இல்ல. மரை தேஞ்சு மழுங்கிப் போயிருக்கு" என்ற போர்மன், துண்டை இயக்குநரின் கையில் வைத்து, "மரை கழண்டது இது மட்டும் இல்ல போலிருக்கே" என்று சொல்லிவிட்டு, வாண்டுவை ஒரு பார்வை பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. போர்மன் யாரையும் எடுக்காமல் போய்விட்டார்.

இயக்குநர் துளியும் அசரவில்லை. முறிந்த துண்டைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார்.

"பார்த்தீர்களா? கழற்ற முயன்றதன் விளைவு இது! நம் கொள்கை எவ்வளவு சரியானது என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா?" என்றார். பிறகு வாண்டுவின் தோளில் கை வைத்தார். "நீ கவலைப்படாதே. உனக்கு நானே வேலை தருகிறேன். அடுத்த வருஷத்திலிருந்து நீதான் முடுக்குப் பயிற்றுநர். உண்மையைச் சொல்லப்போனால், இங்கே படித்தவர்களுக்கு உலகத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் வேலை கிடைக்கும். அது இந்த இடம். இங்கே படித்ததை இங்கேதானே சொல்லித்தர முடியும்?"

அவர் கை பட்ட இடத்தில் புழு ஊர்ந்த மாதிரி இருந்தது. வாண்டு, மேசைமேல் காட்சிக்கு வைத்திருந்த தன் கேடயத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

சாயங்கால ஷிப்டுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்த அப்பா, பள்ளிக்கூட வாசலில் வேனை நிறுத்தி அவளையும் ஏற்றிக்கொண்டார். முகத்தைப் பார்த்தே தெரிந்திருக்க வேண்டும், ஆனால் அவருக்கு முகம் தெரிந்தால்தானே.

"என்ன பாப்பா, எடுத்துட்டாங்களா?"

"வீட்டுக்குப் போய்ச் சொல்றேம்ப்பா."

பாலத்து ஏற்றத்தில் பின் சக்கரம் பஞ்சர். உள்ளே இருந்தவர்களுக்கு ஷிப்டு போய்விடும் என்ற பதைப்பு. வண்டி பின்னால் போகாமலிருக்க, ஒருவர் சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கக் கல் தேடினார். சுத்தமான சாலை, ஒரு கல்லைக் காணோம். வாண்டு கேடயத்தைத் தூக்கிக் கொடுத்தாள். "முடுக்கில் முதலிடமா? பரவால்லையே!" என்று வாசித்துவிட்டு அதைச் சக்கரத்துக்கு அடியில் செருகினார்.

"ஸ்டெப்னியை நான் மாத்தறேம்ப்பா" என்றாள்.

அப்பாவுக்கு முகமெல்லாம் மலர்ச்சி. "எம் பொண்ணு இதுக்குத்தாங்க படிக்கிறா" என்று எல்லாரிடமும் சொல்லி, அவளைச் சுற்றி இடம் விடச் சொன்னார். வாண்டு ஸ்பேனரை நட்டில் மாட்டினாள். கை தானாக வலப்பக்கம் போனது. பலம் கொடுத்தாள். இறுகியது. இன்னும் கொடுத்தாள். வாயிலிருந்து 'ம்ம்ம்' என்று ஒரு முக்கல் வந்தது.

சுற்றி நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்பாவுக்கு நட்டு தெரியவில்லை, ஆனால் காது இருந்ததே. இரும்பு இறுகுகிற சத்தம் அவருக்குத் தெரியாதா?

"அந்தப் பக்கம் இல்ல பாப்பா" என்றார் மெதுவாக, மற்றவர்களுக்குக் கேட்காதபடி.

வாண்டுவுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாகப் பொத்துக்கொண்டு வந்தன. கண்ணைத் துடைத்துக்கொண்டு இடப்பக்கம் திருப்பினாள். கை ஒத்துழைக்கவில்லை. ஒவ்வொரு நட்டுக்கும் 'இடப்பக்கம், இடப்பக்கம்' என்று தனக்குத்தானே சொல்ல வேண்டியிருந்தது. கடைசி நட்டும் கழன்று உள்ளங்கையில் விழுந்தபோது வெள்ளை உடுப்பு முழுக்க மசியும் மண்ணும். வண்டி கிளம்பியபோது கேடயம் இரண்டாகப் பிளந்து கிடந்தது. அதை எடுக்க யாரும் இறங்கவில்லை.

மறுநாள் காலையில் பட்டறை வாசலில் போய் நின்றாள். அதே அழுக்கு உடுப்பு.

"கழட்டத் தெரியும் மேடம். நேத்து சாயங்காலம்தான் கத்துக்கிட்டேன்" என்றாள்.

போர்மன் சிரிக்கவில்லை. ஒரு நட்டையும் ஸ்பேனரையும் காட்டி, யோசிக்காமல் கழற்றச் சொன்னார். வாண்டுவின் கை வலப்பக்கம்தான் போனது. சட்டென்று நிறுத்தி மாற்றினாள்.

"பாத்தியா? தெரியாத கைன்னா நாளைக்கே சேத்துக்குவேன். ஒண்ணும் தெரியாதவங்களைத் தேத்திடலாம். உன் கையில இருக்கறதை மொதல்ல மறக்க வைக்கணும். ஒரு வருஷம் ஆகும். அது வரைக்கும் சம்பளம் கெடையாது, காரைக் கழுவிக்கிட்டுப் பக்கத்துல நின்னு பாரு. இஷ்டம் இருந்தா வா."

வாண்டு வீட்டுக்கு வந்து சொன்னாள். இயக்குநர் கொடுப்பதாகச் சொன்ன வேலையையும் சொன்னாள், மறைக்கவில்லை.

"இன்னும் நாலு பிள்ளைங்க கையையும் கெடுக்கறதுக்கு எனக்குச் சம்பளமா? த்தூ! நான் மாட்டேம்ப்பா."

"வேணாம்மா. நீ பட்டறைக்கே போ" என்றார் அப்பா. வேன் சாவியைக் கையால் தடவித் தேடி எடுத்தார். "ஒரு வருஷம்தானே? ஓட்டிடலாம்."

"உங்க கண்ணுப்பா..."

"அட்டையை மாத்தியிருக்க மாட்டாங்க. பழசு ஞாபகம் இருக்கான்னு பாத்துக்கிட்டா போதும். நீ கேளு, தப்பு இருந்தா சொல்லு."

எழுந்து நின்று, ஒரு கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, சுவரைப் பார்த்து ஒப்பிக்கத் தொடங்கினார்.

"ட... ப, ம... ய, ல, க... ந, ர, ப, த..."

அவர் முகம் திரும்பியிருந்த பக்கம் சுவரே இல்லை. திறந்திருந்த வாசல் கதவு. வெளியே ஷிப்டுக்குப் போகிறவர்கள் வேனுக்குப் பக்கத்தில் காத்துக்கொண்டு நின்றார்கள்.

"சரியா இருக்கா பாப்பா?"

"சரியா இருக்குப்பா" என்றாள் வாண்டு.